கலங்கல் தண்ணி போய்ச் சேர்ற இடம்

ஏரி கோடி போனா எங்க ஊர்ல திருவிழா மாதிரி. ராத்திரியில கலங்கல்ல தண்ணி விழற சத்தம் கேட்டாலே பெரியவங்க எழுந்து திண்ணையில உட்கார்ந்துடுவாங்க. சம்பாவுக்குக் கவலை இல்ல, நவரையும் உண்டுன்னு அர்த்தம். விடிஞ்சதும் பசங்க சாக்கும் கூடையும் எடுத்துக்கிட்டுக் கெண்டையும் கெளுத்தியும் பிடிக்க ஓடுவாங்க. கலங்கலைத் தாண்டின தண்ணி ஓடையில இறங்கி, அடுத்த ஊர் ஏரிக்குப் போயிடும். அப்பால அது எங்க போச்சுன்னு நாங்க யாரும் கேட்டதில்ல.

எங்க ஊரு மணிமங்கலத்துக்கு அந்தப் பக்கம். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்கள்ல மிஞ்சற தண்ணிதான் அடையாறு. மலையில பிறந்து வர்ற ஆறு இல்ல. ஏரிக்கு ஏரி வழிஞ்சு, ஓடைக்கு ஓடை சேர்ந்து, ஆறுன்னு பேர் வாங்கினது. இருநூறு ஏரி குளத்தோட மிச்சம் இதுல சேருதுன்னு சொல்வாங்க. திருநீர்மலை கிட்ட செம்பரம்பாக்கம் ஏரியோட உபரித் தண்ணியும் வந்து கலக்கும். பிறகு மீனம்பாக்கம் விமான ஓடுதளத்துக்கு அடியில நுழைஞ்சு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டி, திரு.வி.க. பாலத்துக்குக் கிழக்கே கடல்ல விழும். மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர். சைக்கிள்ல போனாக்கூட ஒரே நாள்ல போயிடலாம். ஐம்பத்தஞ்சு வயசு வரைக்கும் நான் அந்தக் கடைசி முனையைப் பார்த்ததில்ல.

இந்தத் தை மாசம் சம்பா அறுத்து, மூட்டையைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, பொங்கல் சீர் குடுக்கப் பொண்ணு வீட்டுக்குப் போனப்போ, "அடையாறு கடல்ல சேர்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா"ன்னு கேட்டேன். அவ சிரிச்சா. "அப்பா, ஊர்லேர்ந்து வர்றவங்க எல்லாம் மெரினா பார்ப்பாங்க, கபாலீசுவரர் கோயில் பார்ப்பாங்க. நீ சேறு பார்க்க வந்திருக்கியா?"ன்னா. ஆனா அவளே விசாரிச்சு, முன்னாடியே பேர் பதிவு செஞ்சு, தொல்காப்பியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனா. கூட பேத்தி. மூணாவது படிக்கிறா.

சென்னையில இருக்கிற உங்கள்ல பாதிப் பேரு அந்தப் பூங்கா மதில் ஓரமா பஸ்ஸுல நூறு தடவை போயிருப்பீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

ராஜா அண்ணாமலைபுரத்துல இருக்கு. அடையாறு கடல்ல விழறதுக்கு முன்னாடி வடக்குப் பக்கமா ஒரு கிளை பிரிஞ்சு உள்ள வளைஞ்சு வருது. அதைக் கழின்னு சொல்றாங்க. அந்தக் கழியில 58 ஏக்கர் இந்தப் பூங்கா. ரொம்ப வருஷம் இது கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டற இடமாத்தான் இருந்துச்சு. கட்டடம் கட்டறதுக்கும் கழி ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க. இதை விடக்கூடாதுன்னு சில பேரு நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடினாங்க. கடைசியில அரசாங்கமே 2006-ல இதுக்குன்னு ஒரு அறக்கட்டளை வெச்சு, குப்பையை வாரி, மண்ணைத் தோண்டி, தண்ணி நிக்கிற இடத்தைப் பெருசாக்கி, செடி நட்டு, 2011 ஜனவரியில திறந்தாங்க. ஆரோவில்ல இருக்கிற பிச்சாண்டிக்குளம் காட்டுக்காரங்கதான் என்ன நடணும், எப்படி நடணும்னு திட்டம் போட்டுக் குடுத்தவங்க. இதுக்கு அடுத்ததா முகத்துவாரத்தை ஒட்டின சுமார் 300 ஏக்கரையும் சுத்தம் செய்யற வேலையை எடுத்தாங்க.

வாசல்ல பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் உள்ள எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஒரு தம்பி வழிகாட்டியா வந்தாரு. வேகமா நடக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாதுன்னாரு. எனக்கு ரெண்டுமே கஷ்டம் இல்ல. பேத்திக்குத்தான் கஷ்டம்.

உள்ள போய் ஐம்பது தப்படி வெச்சதும் ரோட்டுச் சத்தம் குறைஞ்சுது. ரெண்டு பக்கமும் மரம். நீர்மருது, நாவல், புங்கன், பூவரசு எல்லாம் நமக்குத் தெரிஞ்சது. வீரை, உலக்கைப்பாலை, காசான் எல்லாம் நான் எங்க பக்கத்துக் கோயில் காட்டுல மட்டும்தான் பார்த்திருக்கேன். நம்ம கடற்கரைப் பக்கத்துக்கு உண்டான பழைய காடு அதுதானாம். வருஷம் பூரா பச்சையா இருக்கும். இலை சின்னதா, தோல் மாதிரி தடிப்பா இருக்கும். ரொம்ப மெதுவா வளரும். பத்து வருஷத்து வீரை என் இடுப்பு தாண்டித்தான் நின்னுச்சு. "மெதுவா வளர்றதைப் போய் நட்டிருக்கீங்களே தம்பி"ன்னு கேட்டேன். "வேகமா வளர்றது ஏற்கெனவே இருந்துச்சுங்கய்யா, அதை எடுக்கத்தான் பாடுபட்டோம்"னாரு.

அது எது தெரியுமா? சீமைக் கருவேலம். கழனியை ரெண்டு வருஷம் தரிசா போட்டுப் பாருங்க, தெரியும். வெட்டினா அடிக்கட்டையில பத்துக் கிளை வரும். வேரோட பிடுங்கினாலும் மண்ணுக்குள்ள விதை இருக்கும். ஆடு மாடு காயைத் தின்னுட்டுச் சாணியில விதையைப் போடும், அது இன்னும் நல்லா முளைக்கும். ஒரு தடவை ஜேசிபி விட்டு எடுத்துட்டு போட்டோ எடுத்துக்கறது சுலபம். அதுக்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் குனிஞ்சு முளையைப் பிடுங்கறதுதான் வேலை. அங்க ரெண்டு பொம்பளைங்க அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல போய், எந்த ஊரும்மான்னு கேட்டேன். செய்யூர் பக்கம்னாங்க. நடவு, களைன்னு இருந்தவங்க. களை எடுக்கிற கை பார்த்தாலே தெரியுமே.

உதிர்ந்த இலையை அங்க பெருக்கறதில்ல, மரத்தடியிலயே விட்டுடறாங்க. காலால கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். மேல காஞ்ச இலை, அதுக்குக் கீழ பாதி மக்கினது, அதுக்கும் கீழ கருப்பா ஈரமா மண்ணு. ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தேன். எரு மண்ணு வாசம். கட்டட இடிபாடு கொட்டின இடம்னு சொன்னா நம்ப முடியாது. ஆனா ஒரு முழம் தள்ளி, மழை அரிச்ச இடத்துல செங்கல் துண்டும் பளிங்குக் கல்லும் தலை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மேல ஒரு சாண் மண்ணு உருவாகியிருக்கு, அடியில இன்னும் பழைய கதை கிடக்கு.

பூவரசைப் பார்த்ததும் பேத்திக்கு ஊதல் செஞ்சு குடுக்கணும்னு கை பரபரத்துச்சு. இலை பறிக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டாரு. கீழ உதிர்ந்த மஞ்சள் இலையைச் சுருட்டி ஊதிப் பார்த்தேன், காத்துதான் வந்துச்சு. பச்சை இலைதான் பாடும். ஊருக்கு வந்தா செஞ்சு தர்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

மரத்தைத் தாண்டினா தண்ணி. கோரையும் சம்பும் நாணலும் ஓரம் கட்டி நிக்குது. நான் வருஷா வருஷம் கூலி குடுத்துப் பிடுங்கற கோரைக்கு இங்க காவல். நின்னு பார்த்ததுல காரணம் புரிஞ்சுது. கோரை அடர்த்தியில ஒரு கானாங்கோழி வாலை ஆட்டிக்கிட்டு உள்ள வெளிய நடந்துக்கிட்டு இருந்துச்சு. நாமக்கோழி இருந்துச்சு. முக்குளிப்பான் ஒண்ணு முங்கி, நாங்க பார்க்காத இடத்துல எழுந்துச்சு. பேத்தி ஒவ்வொரு தடவையும் இடத்தை மாத்தி மாத்திக் காட்டுவா, ஒவ்வொரு தடவையும் அது வேற பக்கம் எழும். ஒரு மடையான் அரை மணி நேரம் அசையாம நின்னுச்சு. தம்பி இங்கிலீஷ் பேர் சொன்னாரு, நான் எங்க ஊர்ப் பேர் சொன்னேன். சில பேரை அவர் நோட்டுல எழுதிக்கிட்டாரு.

அலையாத்தி மரத்தை நான் முதல் தடவை கிட்டத்துல பார்க்கறேன். மரத்தைச் சுத்தி சேத்துலேர்ந்து பென்சில் மாதிரி நூத்துக்கணக்குல குச்சி நிக்குது. நட்டு வெச்சதுன்னு நினைச்சா, அது வேராம். அந்தச் சேத்துக்குள்ள காத்து கிடையாது. அதனால வேரு தலையை மேல நீட்டி மூச்சு விடுது. நெல்லுக்கும் இதே பிரச்சினைதான். தண்ணியில நிக்குதே, வேரு ஏன் அழுகலன்னு யோசிச்சிருக்கீங்களா? நெல்லோட தண்டுக்குள்ளயே காத்து இறங்கறதுக்கு வழி இருக்கு. அது உள்ள வழி வெச்சிருக்கு, இது வெளிய வெச்சிருக்கு. அப்புறம் உப்பு. அலையாத்தி உப்புத் தண்ணியைக் குடிச்சுட்டு வேண்டாத உப்பை இலை வழியா வெளிய தள்ளிடும். தாழ்ந்த கிளையில ஒரு இலையை விரலால தடவி நாக்குல வெச்சுப் பார்த்தேன். நல்ல கரிப்பு.

இங்க எல்லாத்துக்கும் சூத்திரம் உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கற கணக்குதான். மேலேர்ந்து ஆத்துத் தண்ணி வரணும், கீழேர்ந்து கடல் ஓதம் ஏறி வரணும். கோடையில ஆத்துல வேகம் இருக்காது, கடல் மணலைக் கொண்டாந்து வாய்ல திட்டு கட்டிடும். முகத்துவாரம் அடைஞ்சா கழி தேங்கிப் போகும், மீன் சாகும். மழைக்காலத்துல வெள்ளம் வந்து திட்டை உடைச்சுக்கிட்டுப் போனா மறுபடியும் உயிர் வரும். அதாவது எங்க ஏரி கோடி போனாத்தான் இந்தக் கழிக்கு மூச்சு. எங்க ஊர்லேர்ந்து வர்ற ஓடை அடைஞ்சா, இங்க எத்தனை கோடி செலவு பண்ணி மரம் நட்டாலும், பாதி வேலைதான்.

வெளிய வந்து திரு.வி.க. பாலத்துக்குப் போனோம். நடைபாதையில நின்னு கிழக்கே பார்த்தா முகத்துவாரம், தூரத்துல உடைஞ்ச பாலம். 1967-ல கட்டின பாலம், பத்தே வருஷத்துல 1977-ல வெள்ளத்துல உடைஞ்சதாம். தெற்குக் கரையில பிரம்மஞான சபையோட தோப்பு. அங்க இருக்கிற பெரிய ஆலமரத்தோட தாய்மரம் 1989 புயல்ல சாய்ஞ்சுடுச்சு, விழுதுங்கதான் இப்ப நிக்குது. இதெல்லாம் பொண்ணு சொல்லிக்கிட்டு வந்தா. நான் பாலத்துக்குக் கீழ ஓடற தண்ணியைப் பார்த்தேன். கருப்பு. நாத்தம். எங்க கலங்கல்ல விழறப்போ முகம் தெரியற தண்ணி அது.

அப்போ பேத்தி கேட்டா: "தாத்தா, அன்னைக்கு நம்ம வீட்டுக்குள்ள வந்ததும் இந்தத் தண்ணிதானா?"

2015 டிசம்பர்ல என் பொண்ணு குடும்பம் சைதாப்பேட்டையில தரைத்தளத்து வீட்டுல வாடகைக்கு இருந்தாங்க. குழந்தைக்கு அப்போ நாலு வயசு. டிசம்பர் ஒண்ணாம் தேதி ராத்திரி மாடி வீட்டுக்காரங்க கதவைத் தட்டித் தூக்கிட்டுப் போகலன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் எங்க வீட்டம்மா நினைச்சு அழுவா. ரெண்டு நாள் போன் கிடைக்கல. வடிஞ்சப்புறம் நான் போனப்போ சுவத்துல என் மார் உசரத்துக்குச் சேத்துக் கோடு. ஃபிரிட்ஜு கவுந்து கிடந்துச்சு. மாப்பிள்ளை தன்னோட சர்டிபிகேட்டை ஒவ்வொண்ணா மாடியில காய வெச்சிருந்தாரு.

செம்பரம்பாக்கத்துலேர்ந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைத்தான் எல்லாரும் பேசினாங்க. அது பெரிய காரணம், மறுக்கல. ஆனா அன்னைக்கு ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. எங்க பக்கத்து ஏரி எல்லாம் அதுக்கு முன்னாடியே நிரம்பி நின்னுச்சு. விழுந்தது அத்தனையும் கலங்கல் வழியா அடையாத்துக்குத்தான் போச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முங்கினது அந்தத் தண்ணியில. எங்க ஊர்ல அன்னைக்கு ஏரி உடையலன்னு அம்மனுக்குப் பொங்கல் வெச்சோம். அதே தண்ணி மறுநாள் என் பொண்ணு வீட்டுக் கட்டிலைத் தூக்கியிருக்கு.

"ஆமாம்மா, நம்ம ஊர்த் தண்ணியும் அதுல இருந்துச்சு"ன்னு சொன்னேன். குழந்தைகிட்ட பொய் சொல்ல வரல. "அப்போ நம்ம ஊர்ல பிடிச்சு வெச்சுக்கக் கூடாதா?"ன்னா. ஏரின்னு ஒண்ணு அதுக்குத்தானே இருக்கு. தூர் வாரி ஆழமா இருந்தா கொஞ்சம் கூடுதலா பிடிக்கும். அதுக்கு மேல வர்றது போறதுக்கு ஓடை அகலமா இருக்கணும். அகலமா இருந்தா தண்ணி பரந்து மெதுவா போகும், வழியில பூமிக்குள்ள இறங்கும். குறுக்கினா ஒண்ணு வேகம் எடுக்கும், இல்லன்னா பக்கத்துல ஏறும்.

இதை நான் அவளுக்குச் சொல்றப்போ எனக்கு எங்க ஊர் ஓடைதான் கண்ணு முன்னால நின்னுச்சு. விஷயம் இதுதான். கலங்கலுக்குக் கீழ என் ஒண்ணரை ஏக்கரை ஒட்டித்தான் ஓடை போகுது. புலப்படத்துல அது 20 மீட்டர் அகலம், அதாவது 66 அடி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எதிர்க்கரையில மனைப்பிரிவு போட்டாங்க. உள்ள போக வழி வேணும்னு ஓடைக்குக் குறுக்கே மூணடி சிமெண்ட் குழாய் ரெண்டைப் போட்டு, மேல மண்ணு கொட்டி, தார் ரோடு போட்டுட்டாங்க. நான் பத்தாவதுதான் படிச்சேன், ஆனா இந்தக் கணக்கு வரும். 66 அடி அகலத்துல மூணடி ஆழம் தண்ணி போனா அது போற வாசல் 198 சதுர அடி. மூணடிக் குழாய் ஒண்ணுக்கு ஏழு சதுர அடி, ரெண்டுக்கும் சேர்த்துப் பதினாலு. பதினாலு வழி இருந்த இடத்துல ஒரு வழி விட்டிருக்காங்க.

நிலத்தை வித்தது என் பங்காளி அண்ணன்தான். அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. பையனுக்கு ஆபரேஷன், பொண்ணுக்குக் கல்யாணம், நெல்லுல என்ன மிஞ்சும்? தரகர் என்கிட்டயும் வந்தாரு. "தண்ணி ஏறும்னு பயந்தா நீங்களும் குடுத்துட்டுப் போங்க"ன்னாரு. எனக்குக் கிடைக்கிற பணம் நான் முப்பது வருஷம் உழுதாலும் பார்க்க முடியாததுதான். ஆனா வாங்கறவங்க யாரு? சென்னையில தண்ணி வராத இடமா ஒரு வீடு வேணும்னு கடன் வாங்கி வர்ற என் மாப்பிள்ளை மாதிரி ஆளுங்க. 58 ஏக்கர்ல கொட்டினதை எடுக்க எத்தனை வருஷம், எத்தனை வழக்கு ஆச்சுன்னு பார்த்துட்டு வந்தவன், கண்ணு முன்னால கொட்டறதைப் பார்த்துக்கிட்டு இருக்க மனசு வரல.

ஊருக்கு வந்த மறுநாள் பொண்ணு சொல்லிக் குடுத்த மாதிரி மனு எழுதினேன். ஓடைப் புறம்போக்கை அளந்து ரெண்டு பக்கமும் கல் நடணும், குழாயை எடுத்துட்டு முழு அகலத்துக்குப் பாலம் கட்டணும், ரெண்டே கோரிக்கை. புலப்பட நகல் இணைச்சேன். பதினேழு வீட்டுக்குப் போனேன், பதினோரு கையெழுத்து கிடைச்சுது. கையெழுத்து போடாத ஆறு பேருல ரெண்டு பேருக்கு அந்த மனையில இடம் இருக்கு. பங்காளி அண்ணன் போட்டாரு, அதுதான் எனக்கு ஆச்சரியம். "என் வீட்டுப் பக்கமும்தானடா தண்ணி திரும்பும்"னாரு. தாலுகா ஆபீஸ்ல மனுவை வாங்கிக்கிட்டு ரசீது குடுத்தாங்க. சர்வேயர் வருவாருன்னு சொல்லியிருக்காங்க. எந்த மாசம்னு சொல்லல.

சென்னையில இருந்துக்கிட்டு எங்க பக்கம் மனை பார்க்க வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நுழைவாயில் வளைவையும் கலர் கொடியையும் பார்க்காதீங்க. சர்வே எண் வாங்கி, புலப்படமும் 'அ' பதிவேடும் எடுத்துப் பாருங்க. ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய்னு பக்கத்துல ஏதாவது இருந்தா, படத்துல இருக்கிற அகலம் தரையில இருக்கான்னு நடந்து பாருங்க. கோடையில வராதீங்க, கார்த்திகையில வாங்க. ஊர்ல ஒரு வயசானவரைப் பிடிச்சு, "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?"ன்னு கேளுங்க. காசு வாங்காம உண்மையைச் சொல்வாரு.

அந்தப் பூங்காவுக்கும் ஒரு தடவை போய் வாங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. அலையாத்தி இலையைத் தடவி நாக்குல வெக்கச் சொல்லுங்க.

நவரை நட்டு இருபது நாள் ஆச்சு. நாளைக்கு முதல் களை, நாலு பேருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். சர்வேயர் வந்து சங்கிலி பிடிச்சா அன்னைக்கே எழுதறேன்.